சவ்வாது மலை முதியோரும் அரசு மருத்துவக் காப்பீடும்

அரசு மருத்துவக் காப்பீட்டைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் தொகையில் தொடங்கித் தொகையிலேயே முடித்துவிடுகிறார்கள். குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் என்று சொல்லிவிட்டால் எல்லாம் சொன்னதாகிவிடுகிறது. திருப்பத்தூர் மாவட்டத்தில் ஆலங்காயத்துக்கு மேலே, சவ்வாது மலையில் உள்ள காவலூரை வைத்துப் பார்த்தால் கணக்கு மாறுகிறது. அங்கே ஒரு முதியவருக்குக் காப்பீடு கைகொடுக்குமா என்பதை இரண்டு விஷயங்களே தீர்மானிக்கின்றன: அவருடைய வயதை எந்தத் தாள் சொல்கிறது, அவர் மலையிறங்கி ஏறும் செலவை யார் ஏற்கிறார்கள்.

காவலூரை வெளியுலகம் வைணு பாப்பு வானாய்வகத்தால் அறியும். அதைச் சுற்றியுள்ள சிற்றூர்களில் வாழ்பவர்கள் பெரும்பாலும் மலையாளிப் பழங்குடியினர். சாமை விதைத்தும், புளியும் கடுக்காயும் தேனும் சேகரித்தும் பிழைத்தவர்கள். அவர்களில் மூத்த தலைமுறைக்கு இன்று அரசு காட்டும் வழிகள் எவை?

முதல் வழி குடும்பத்தைச் சார்ந்தது. 2009 ஜூலையில் கலைஞர் காப்பீட்டுத் திட்டமாகத் தொடங்கி, 2012 ஜனவரியில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமாக மறுவடிவம் பெற்று, 2018-இல் மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத் திட்டத்துடன் இணைக்கப்பட்டது அது. ஆண்டு வருமான வரம்பு 72,000 ரூபாயிலிருந்து பின்னர் 1,20,000 ஆக உயர்ந்தது. வி.ஏ.ஓ. தரும் வருமானச் சான்று, ரேஷன் கார்டு, ஆதார் ஆகியவற்றோடு ஆட்சியர் அலுவலகத்தில் பதிய வேண்டும். வேலூரைப் பிரித்து 2019 நவம்பரில் திருப்பத்தூர் தனி மாவட்டமானதால், அந்தப் பயணம் இம்மலை மக்களுக்கு வெகுவாகக் குறைந்தது. இத்திட்டத்தில் பெற்றோருக்கும் இடம் உண்டு. ஆனால் அவர்கள் பெயர் ரேஷன் கார்டில் இருக்க வேண்டும். மகனோடு ஒரே கார்டில் இருக்கும் தாய்க்கு அவனுடைய காப்பீடே போதும். தனிக் கார்டு வாங்கிப் பிரிந்த முதிய தம்பதியர் தாங்களே பதிந்துகொள்ள வேண்டும். இந்த ஒரு விவரத்தை ஊரில் எடுத்துச் சொல்ல ஆளில்லாவிட்டால் அந்தத் தம்பதியர் விடுபட்டுப்போவார்கள்.

இரண்டாவது வழி வயதைச் சார்ந்தது. 2024 அக்டோபர் 29 அன்று தொடங்கப்பட்ட ஆயுஷ்மான் வய வந்தனா அட்டை, 70 வயது நிறைந்த அனைவருக்கும் வருமானம் பாராமல் ஆண்டுக்கு 5 லட்சம் வரை சிகிச்சை தருகிறது. ஏற்கெனவே ஆயுஷ்மான் திட்டத்தில் உள்ள குடும்பம் என்றால், அக்குடும்பத்தின் 70 கடந்தோருக்கு மட்டும் கூடுதலாக 5 லட்சம் கிடைக்கும். ஆகவே ஓர் அட்டையை வாங்க மற்றதை விட வேண்டியதில்லை. அத்தகைய வீட்டுக்குக் குடும்பக் காப்பீட்டு அட்டைதான் அடிப்படை. வயது அட்டை அதன்மேல் வருவது.

வயது அட்டையின் நோக்கத்தை நான் முழுமனதோடு ஏற்கிறேன். 2008-இல் வந்த தேசிய சுகாதாரக் காப்பீட்டுத் திட்டம் ஒரு குடும்பத்தில் ஐந்து பேருக்கு மட்டுமே இடம் தந்தது. ஆறாவது ஆள் யார் என்ற கேள்வி எழும்போது, பெரும்பாலான வீடுகளில் அது பாட்டியாகவே இருந்திருக்கும். அந்தக் கொடுமை இன்று இல்லை. என் மறுப்பு 70 என்ற எல்லைக்கும், அதை அளக்கும் கோலுக்கும்தான்.

2024-இல் 70 நிறைந்தவர் 1954-க்குள் பிறந்தவர். பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டமே 1969-இல்தான் வந்தது. மலையில், வீட்டிலேயே பிரசவம் நடந்து, பள்ளி வாசலை மிதிக்காமல் வளர்ந்த ஒருவருக்குப் பிறந்த தேதியைக் காட்ட என்ன ஆவணம் இருக்கும்? ஆதார் பதியும்போது வயதை மட்டும் சொன்னவர்களுக்குக் கணினி ஜனவரி முதல் தேதியைத் தானே இட்டது. மூத்தவர்கள் பலரின் ஆதாரில் 01/01 என்று இருப்பதன் காரணம் இதுதான். அன்று பதிவாளர் குத்துமதிப்பாகப் போட்ட வயது நான்கைந்து ஆண்டு குறைந்திருந்தால், அந்த முதியவர் காப்பீட்டுக்கு நான்கைந்து ஆண்டு காத்திருக்க வேண்டும். இதில் சட்டமும் நிர்வாகமும் எதிரெதிராக நிற்கின்றன. விபத்து இழப்பீட்டு வழக்கு ஒன்றில், ஆதார் பிறந்த தேதிக்குச் சான்றாகாது என்று உச்ச நீதிமன்றம் 2024 அக்டோபர் 24 அன்று தீர்ப்பளித்தது. அதற்கு ஐந்தாம் நாள், ஆதாரில் உள்ள வயதையே அளவுகோலாகக் கொண்ட இத்திட்டம் தொடங்கியது. நீதிமன்றத்தில் செல்லாத தேதி, மருத்துவமனை வாசலில் மட்டும் எப்படி இறுதி முடிவாகும்?

எல்லையும் மலைக்குப் பொருந்தவில்லை. பழங்குடியினர் நலவாழ்வு குறித்து மத்திய அரசு அமைத்த அபய் பங் தலைமையிலான குழு 2018-இல் தந்த அறிக்கை, பழங்குடியினரின் சராசரி ஆயுளை ஏறத்தாழ 64 ஆண்டு என்றும், பிறருடையதை 67 என்றும் குறிப்பிட்டது. பிறப்பிலிருந்து கணக்கிடும் ஆயுளில் குழந்தை மரணங்களும் கலந்திருக்கும் என்பதால், இதை மட்டும் வைத்து முதுமையை அளக்க முடியாது. ஆயினும் சீக்கிரம் தேய்ந்துபோகும் உடல்களுக்கு 70 என்பது தொலைதூரம். பழங்குடியினருக்கு 60 என்று எல்லையைத் தாழ்த்துவதும், தேதி ஐயமாக இருந்தால் அரசு மருத்துவரின் வயது மதிப்பீட்டை ஏற்பதும் நியாயம்.

இரு அட்டைகளுமே முதன்மையாகப் படுக்கையில் சேர்ந்த நோயாளிக்கானவை. ஆயுஷ்மான் திட்டம் சேர்க்கைக்கு முன் 3 நாள், வீடு திரும்பிய பின் 15 நாள் வரையான செலவை ஏற்கும். ஆனால் முதுமையின் நோய்கள் பதினைந்து நாளில் தீர்பவை அல்ல. பிபி, சுகர், மூட்டுவலி என்று ஆயுள் முழுக்கத் தொடர்பவை. இந்த இடத்தைத் தமிழகத்தில் நிரப்புவது காப்பீடு அல்ல. 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம்தான் நிரப்புகிறது. தோளில் பையோடு வரும் பெண் தன்னார்வலர் திண்ணையில் அமர்ந்து பிபி பார்த்து, மாத்திரையை எண்ணிக் கொடுத்துவிட்டுப் போகிறார். ஒரு முதியவருக்கு மூளையில் ரத்தக்கசிவு வராமல் தடுப்பது இந்த மாத்திரை. வந்த பின் உதவுவதுதான் அட்டை. புறநோயாளர் சிகிச்சையையும் சேர்த்தே தாய்லாந்து 2002-இல் தன் அனைவருக்குமான திட்டத்தை வகுத்தது. நம்மிடம் காப்பீடும் புறநோயாளர் சிகிச்சையும் தனித்தனியாக நடக்கின்றன. ஒவ்வொரு வீட்டையும் அறிந்த அந்தத் தன்னார்வலரிடமே அட்டைப் பதிவையும் ஒப்படைத்து, அதற்குரிய ஊதியத்தையும் தர வேண்டும். ரேகை தேய்ந்த விரல்களுக்கு முகப்பதிவு வசதி ஆயுஷ்மான் செயலியிலேயே இருக்கிறது.

கடைசியாக வழிச்செலவு. 108 வண்டி நோயாளியை இலவசமாகக் கீழே கொண்டுபோய்ச் சேர்க்கும். பிள்ளை பெற்ற தாயை வீட்டில் விட 102 வண்டி இருக்கிறது. அரசு மருத்துவமனையில் இறந்தவரைக் கொண்டுசெல்ல அமரர் ஊர்தி இருக்கிறது. பிழைத்து எழுந்த முதியவர் மட்டும் பஸ்ஸுக்கு நிற்க வேண்டும். உடன் வந்த மகனோ மகளோ கூலியை இழந்திருப்பார்கள். 30,000 ரூபாயே உச்சவரம்பாக இருந்த அந்த 2008-ஆம் ஆண்டுத் திட்டம், ஒவ்வொரு சேர்க்கைக்கும் 100 ரூபாய், ஆண்டுக்கு 1,000 வரை பயணப்படி தந்தது. 5 லட்சமாக வளர்ந்த திட்டம் அதைக் கைவிட்டுவிட்டது. பயணப்படி முறைகேட்டுக்கு இடம்தரும் என்பது வழக்கமான மறுப்பு. பழைய திட்டத்தில் அந்தப் பணத்தை, நோயாளி வீடு திரும்பும் நாளில் மருத்துவமனையே கையில் கொடுத்து, சிகிச்சைத் தொகையோடு சேர்த்துக் காப்பீட்டு நிறுவனத்திடம் கோரிப் பெற்றது. சேர்க்கை நடந்ததற்கான சான்றே பயணத்துக்கும் சான்றானது. அந்த ஏற்பாட்டை மலைப்பகுதிகளுக்காவது இன்றைய கட்டணத்துக்கேற்ப உயர்த்தி, துணைக்கு வருபவரின் ஒருநாள் கூலியையும் சேர்த்து, சிகிச்சைத் தொகுப்பின் ஒரு பகுதியாகவே மீண்டும் எழுதிவிடலாம்.