1641: மலாக்காவும் ஒரு பேனாக் கோட்டோவியமும்

1641 என்றதும் நம் மாணவர்கள் சட்டெனச் சொல்வது, டச்சுக்காரர் போர்த்துகீசியரிடமிருந்து மலாக்காவைக் கைப்பற்றிய ஆண்டு என்பதைத்தான். அதே ஆண்டு ஜூலையில் ஆம்ஸ்டர்டாமில் இன்னொன்றும் நடந்தது. பீட்டர் சான்ரெடாம் என்ற ஓவியர் அந்நகரின் பழைய நகர மண்டபத்தைப் பேனாவாலும் நீர்வண்ணத்தாலும் பார்த்தபடியே வரைந்தார். பழுதடைந்த சுவர், உச்சி இல்லாத கோபுரம் எதையும் அவர் அழகுபடுத்தவில்லை.

1652-இல் அந்த மண்டபம் தீக்கிரையானது. 1657-இல் சான்ரெடாம் தம் பழைய கோட்டோவியத்தைக் கொண்டே அதை வண்ண ஓவியமாகத் தீட்டினார். நேரில் பார்த்து வரைந்த ஆண்டு எது, தீட்டிய ஆண்டு எது என இரண்டையும் ஓவியத்திலேயே எழுதி வைத்தார். மறு ஆண்டு நகரத் தலைவர்கள் 400 கில்டர் கொடுத்து அதை வாங்கினார்கள். கட்டடம் போனது, கோடு சாட்சியாக நின்றது.

18-ஆம் நூற்றாண்டில் கொர்னெலிஸ் பிராங்கும் (1691–1759) அவர் மாணவர் யான் டி பேயரும் ஊர் ஊராகச் சென்று தேவாலயங்களையும் மாளிகைகளையும் இப்படியே மையால் வரைந்தார்கள்.

சரி, இதுக்கும் நம்ம பினாங்கு லிட்டில் இந்தியாவுக்கும் என்ன சம்பந்தம்? 2008-இல் ஜார்ஜ்டவுன் யுனெஸ்கோ மரபுடைமைத் தலமானது. குயின் ஸ்திரீட் மகா மாரியம்மன் கோயிலும் சூலியா ஸ்திரீட் முனையிலுள்ள நாகூர் தர்காவும் நிற்கின்றன. கடைவீடுகளின் முகப்பும் நிற்கிறது. ஆனால், 2000-இல் வாடகைக் கட்டுப்பாடு நீங்கியதும் பல குடும்பங்களும் பழைய தொழில்களும் வெளியேறின. ஆம்ஸ்டர்டாமில் கட்டடம் எரிந்தது. இங்கே கட்டடம் இருக்கு, உள்ளே இருந்த வாழ்க்கைதான் போயிக்கிட்டிருக்கு.

ஆகவே ஆசிரியர்களே, மாணவர்களை ஒரு காலைப்பொழுது ஐந்தடி நடைபாதையில் உட்கார வையுங்கள். ஆளுக்கு ஒரு பேனா, ஒரு தாள், ஒரு கடை போதும். பெயர்ப்பலகை, சன்னல், தூண், விற்கும் பொருள் எல்லாம் வரையட்டும். கீழே தேதி, தெரு, கடை எண், என்ன தொழில் என்று எழுதட்டும். போன்ல படம் எடுத்தா நொடியில் முடிஞ்சிடும். வரைந்தால்தான் கண் ஒவ்வொன்றையும் நின்று பார்க்கும்.

தேர்வு மாணவர்கள் பழைய படம் ஒன்றைச் சான்றாக எடுக்கும்போது நான்கு கேள்விகளை மறக்க வேண்டாம்: வரைந்தவர் யார்? நேரில் பார்த்தாரா? எப்போது, யாருக்காக வரைந்தார்? எதை விட்டுவிட்டார்? கடைசிக் கேள்விக்குத்தான் பெரும்பாலோர் பதில் எழுதுவதில்லை. நம் தெருவை நாமே வரையாமல் விட்டால், நாளைய படத்தில் விடுபடுவது நாமாகத்தான் இருப்போம்.