சாவா மூவாப் பேராடு: திருவண்ணாமலையில் இழப்பின் கணக்கு

திருவண்ணாமலை என்றதும் நினைவுக்கு வருவது கார்த்திகை தீபம். 2668 அடி உயர மலையின் உச்சியில் ஏறத்தாழ 3500 கிலோ நெய்யும் ஆயிரம் மீட்டர் திரியும் கொண்டு ஏற்றப்படும் அந்தத் தீபத்தைப் பற்றி எழுதப்படாத பக்திப் பத்திரிகை இல்லை. நாம் இங்கே பேச விரும்புவது நெய்யைப் பற்றி மட்டுமே. ஒரு விளக்கு அணையாமல் எரிய வேண்டுமானால் யாராவது நாள்தோறும் நெய் கொண்டுவர வேண்டும் அல்லவா? அந்த 'யாராவது' யார், அவர் என்ன நிபந்தனைக்கு உட்பட்டிருந்தார் என்ற கேள்வி, இப்பகுதியின் ஏற்றத்தாழ்வு வரலாற்றுக்குள் நம்மை நேராக இட்டுச் செல்கிறது.

சோழர் காலத்து விளக்குக் கொடைகளின் வாய்பாடு கல்வெட்டு வாசகர்களுக்குப் பழக்கமானது. ஒருவர் கோயிலுக்கு நந்தா விளக்கு ஒன்று எரிக்கத் தொண்ணூறோ தொண்ணூற்றாறோ ஆடுகளைக் கொடுப்பார். மன்றாடி எனப்படும் இடையர் அவற்றைப் பெற்றுக்கொண்டு நாள்தோறும் உழக்கு நெய் அளக்க ஒப்புக்கொள்வார். ஒப்பந்தக் காலம் சந்திரனும் சூரியனும் உள்ளவரை. அந்த ஆடுகளுக்குக் கல்வெட்டுகள் தரும் பெயர்தான் 'சாவா மூவாப் பேராடு'. சாகாதவை, மூப்படையாதவை.

ஆடு சாகாதா என்ன? சாகும். கோமாரி வந்தால் கிடையே சரியும். ஒப்பந்தப்படி ஆட்டின் எண்ணிக்கைதான் சாகாது. ஈனும் குட்டிகளைக் கொண்டு எண்ணிக்கையை நிரப்பிக்கொள்ள வேண்டியது மன்றாடியின் பொறுப்பு. மழை பொய்த்தாலும், களவு போனாலும், நோய் வந்தாலும் கோயிலின் முதல் குறைவதில்லை; கொடையாளியின் புண்ணியமும் குறைவதில்லை. குறையக்கூடியது மன்றாடியின் வீட்டுப் பங்கு மட்டுமே. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகள் ஆடு பெற்ற இடையரோடு அவருக்குப் பிணை நின்ற உறவினரையும் பெயர் பெயராகப் பொறித்து வைத்திருக்கின்றன. ஒருவர் தவறினால் மற்றவர் நெய் அளக்க வேண்டும். கடன் ஆளைவிட்டு நீங்கினாலும் குடும்பத்தைவிட்டு நீங்காது.

இதை வெறும் சுரண்டல் என்று ஒரே சொல்லில் முடித்துவிடவும் நாம் விரும்பவில்லை. நல்ல ஆண்டுகளில் உழக்கு நெய் போக மிஞ்சும் பாலும் குட்டியும் உரமும் மன்றாடிக்கே. கையில் முதல் இல்லாத ஒரு குடும்பத்துக்குத் தொண்ணூறு ஆடுகள் பெரும் செல்வம். மேலும், கோயில் என்பது உண்டியல் மட்டுமாக இருந்ததில்லை. திருப்பதி பற்றி 1960ஆம் ஆண்டில் எழுதிய பர்ட்டன் ஸ்டைன், விஜயநகர காலத்தில் கொடையாக வந்த பணம் கோயில் ஊர்களின் ஏரி, கால்வாய்ப் பணிகளில் முதலிடப்பட்டதையும், அதன் விளைச்சலில் நிவேதனங்கள் நடந்ததையும் விளக்கியிருக்கிறார். ஆக, கோயில் வளத்தைப் பெருக்கவும் செய்தது. ஆனால் பெருகிய வளத்தில் யாருக்கு எவ்வளவு என்பது மட்டும் ஏற்றத்தாழ்வு ஆகிவிடாது. கெட்ட ஆண்டு வரும்போது இழப்பு யார் தலையில் விழுகிறது என்பதே அதைவிட ஆழமான பங்கீடு என்று நமக்குத் தோன்றுகிறது.

திருவண்ணாமலையை அடுத்த செங்கம் வட்டாரம் இதற்கு ஒரு முன்கதை வைத்திருக்கிறது. இரா. நாகசாமி பதிப்பித்து 1972ஆம் ஆண்டில் வெளிவந்த 'செங்கம் நடுகற்கள்' காட்டும் பல்லவர் கால உலகில் மந்தைதான் செல்வம். அதைக் கவர்வதும் மீட்பதும்தான் போர். மீட்கச் சென்று மாண்டவனுக்குக் கல் நட்டார்கள். எடுத்தனூர் நடுகல்லில் எசமானனோடு நின்று கள்வரைக் கடித்த நாய்க்குக்கூடப் பெயர் பொறிக்கப்பட்டுள்ளது. அங்கும் சாவு எளியவனுடையதுதான். ஆயினும் அந்தச் சாவை ஊர் தன்னுடைய இழப்பாகக் கருதிக் கல்லெடுத்தது. சில நூற்றாண்டுகளுக்குப் பின் கோயில் சுவர்களில் அதே மந்தை 'முதல்' ஆகிவிடுகிறது. முதலுக்குச் சாவில்லை என்பதால் கல்லெடுக்க வேண்டிய தேவையும் இல்லை.

இந்த ஏற்பாட்டை மக்கள் எக்காலமும் வாய்மூடி ஏற்றுக்கொண்டதாக எண்ண வேண்டாம். இரண்டாம் தேவராயன் காலத்தில், 1429ஆம் ஆண்டில், விருத்தாசலம் முதலிய நடுநாட்டு ஊர்களிலும் காவிரிக் கரையிலும் வலங்கை, இடங்கைப் பிரிவினர் ஒன்றுகூடி, அரசு அதிகாரிகளும் நிலவுடைமையாளரான பிராமணரும் வேளாளரும் விதிக்கும் வரிகளைக் கட்ட மாட்டோம் என்று கல்லில் வெட்டினார்கள். நொபொரு கராஷிமா இக்கல்வெட்டுகளை விரிவாக ஆராய்ந்திருக்கிறார். எப்போதும் தம்முள் மோதிக்கொண்ட இரு பிரிவினரும் சேர்ந்த அந்த அரிய தருணத்தைப் பற்றி நம் வரலாற்று நாவலாசிரியர்கள் ஏன் எழுதுவதில்லை என்பது நமக்கு விளங்காத ஒன்று.

சாவா மூவா முதலின் மிகக் கொடிய வடிவம் பிற்காலத்தில் படியாள் முறையாக நின்றது. மன்றாடியின் வழித்தோன்றல் படியாள் என்று நாம் சொல்லவில்லை. இரண்டும் வேறு சாதிகளின், வேறு தொழில்களின் கதை. ஒத்திருப்பது கணக்கு எழுதும் முறை. மகன் திருமணத்துக்காக வாங்கிய சிறு தொகைக்கு ஒருவர் ஆண்டு முழுதும் உழைப்பார். உழைப்பு வட்டிக்குச் சரியாகிவிடும். அசல் அப்படியே நிற்கும். 1843ஆம் ஆண்டுச் சட்டம் அடிமை முறைக்கு நீதிமன்ற ஏற்பை நீக்கிய பின்னும் வட தமிழகத்தில் இது தொடர்ந்தது. செங்கல்பட்டு ஆட்சியர் டிரமன்ஹீர் 1891ஆம் ஆண்டில் எழுதிய அறிக்கை, கடனுடன் குடியிருக்கும் மனையும் எசமானனுக்கு உரியதாக இருந்ததைச் சுட்டியது. வேலையை மறுத்தால் வீடு போகும். அதன் விளைவாக 1892ஆம் ஆண்டில் பிறந்த அரசாணையே பஞ்சமி நிலங்களுக்கு வழிவகுத்தது. அந்நிலங்களில் பெரும்பகுதி பின்னாளில் யார் கைக்குப் போயிற்று என்பது தமிழகம் அறிந்த கதை.

இனி நீருக்கு வருவோம். திருவண்ணாமலைச் சீமையில் வற்றாத ஆறு கிடையாது. செய்யாறும் தென்பெண்ணையும் மழைக்காலத்து விருந்தாளிகள். 1958ஆம் ஆண்டில் முடிந்த சாத்தனூர் அணை சில பகுதிகளுக்கே உதவியது. மற்ற இடங்களில் ஏரி. அதன் பிறகு கிணறு. ஏரியிலும் சமத்துவம் இருந்ததில்லை. மடையருகே யார் நிலம், கடைமடையில் யார் நிலம் என்பது சாதிப்படியே அமைந்தது. இருந்தாலும் ஏரி வற்றினால் எல்லோருக்கும் வற்றும். மின்மோட்டார் வந்தபின் அந்தக் குறைந்தபட்சப் பொதுமையும் போய்விட்டது.

இந்த மாற்றம் நிகழ்ந்தபோதே கூர்ந்து நோக்கப்பட்டது நமது நல்லூழ். அன்றைய வடஆற்காடு மாவட்டத்தில், 1973-74இல், கேம்பிரிட்ஜ், சென்னைப் பல்கலைக்கழகங்களின் ஆய்வாளர்கள் பல கிராமங்களில் தங்கிப் பசுமைப் புரட்சியை ஆராய்ந்தார்கள். பி.எச். ஃபார்மர் பதிப்பித்த தொகுப்பு 1977ஆம் ஆண்டில் வெளிவந்தது. அதன் தலைப்பிலேயே ஒரு கேள்விக்குறி இருந்தது! ஜான் ஹாரிஸ் செய்யாறு வட்டத்து ராந்தத்தில் தங்கி எழுதிய நூல் 1982ஆம் ஆண்டில் வந்தது. அதே கிராமங்களில் 1980களில் மறு ஆய்வு செய்த ஹேஸலும் இராமசாமியும் சிறு விவசாயிகளும் கூலித் தொழிலாளரும்கூடப் பயனடைந்தார்கள் என்று 1991ஆம் ஆண்டில் எழுதினர். இது மறுக்கத்தக்கதன்று. புதிய நெல் விளைந்தது, கூலி ஓரளவு உயர்ந்தது, பசி குறைந்தது.

ஆனால் நல்ல ஆண்டுகளின் கணக்கோடு கிணற்றின் கணக்கையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். இங்கே எஸ். ஜனகராஜனின் ஆய்வுகள் நமக்கு வழிகாட்டுகின்றன. ஏற்றமும் கவலையும் கட்டி இறைத்த நாளில் மாட்டின் வலுவே நீருக்கு எல்லை. மோட்டாருக்கு அந்த எல்லை இல்லை. ஒருவர் கிணற்றை ஆழப்படுத்தினால் அண்டைக் கிணறு வற்றும். அண்டைக்காரர் கடன் வாங்கி இன்னும் ஆழப்படுத்துவார். இந்தப் போட்டியில் வெல்வது நீரூற்றின் போக்கை அறிந்தவரல்லர். மூன்று முறை தோற்றாலும் நான்காம் முறை துளையிடப் பணம் வைத்திருப்பவர். ஒரே முறை தோற்கும் வசதி மட்டும் கொண்ட சிறு விவசாயி, கிணற்றையும் கடனையும் ஒருசேரச் சுமந்துகொண்டு, அந்தப் பெரிய கிணற்றுக்காரரிடமே தண்ணீர் வாங்க நேர்கிறது. விலை எப்போதும் பணமாக இருப்பதில்லை. அவர் வயலில் வேலை செய்து தருவதும் விலையில் அடங்கும். இப்படித் தண்ணீர், உழைப்பு, கடன் மூன்றும் ஒரே முடிச்சில் விழுவதை ஜனகராஜன் எடுத்துக்காட்டியிருக்கிறார். இலவச மின்சாரம் 1984இல் சிறு விவசாயிகளுக்கும், 1990ஐ ஒட்டி மற்றவர்க்கும் கிடைத்தது நல்லதே. எனினும் மோட்டார் உள்ளவருக்குத்தானே மின்சாரம்? அண்ணன் தம்பிகளுக்குள் எட்டில் ஒரு பங்கு என்று பிரிந்து கிடந்த வறண்ட கிணறுகளுக்கு அதனால் என்ன பயன்?

நிலமும் நீரும் கைவிட்டவர்கள் முன்பணம் வாங்கிக்கொண்டு வெளியூர் போனார்கள். செங்கல் சூளைக்கு, கரும்பு வெட்டுக்கு, மரம் வெட்டுக்கு. 1976ஆம் ஆண்டுக் கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் ஏட்டில் இருக்க, முன்பணம் தன் வேலையைச் செய்தது. 2015 ஏப்ரல் 7 அன்று சேஷாசலம் காட்டில் ஆந்திரக் காவல்துறையினர் 20 பேரைச் சுட்டுக் கொன்றார்கள். மாண்டவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் ஜவ்வாது மலையையும் அதன் அடிவாரத்தையும் சேர்ந்த திருவண்ணாமலை மாவட்டத்தார். கள்ளக் கடத்தல்காரர்களை எதிர்கொண்டு சுட்டதாகக் காவல்துறை சொன்னது. பிடித்துச் சென்று கொன்றார்கள் என்று குடும்பத்தினர் குற்றம் சாட்டினர். செம்மரத்தில் பணம் முடக்கியவர் ஒருவரும் அந்தப் பட்டியலில் இல்லை.

கோயில் நகரத்துக்குள்ளும் இந்தக் கணக்கு நடக்கிறது. 1990களில் பௌர்ணமி கிரிவலம் பெருங்கூட்டத் திருவிழாவாக வளர்ந்தது. பதினான்கு கிலோமீட்டர்ப் பாதையை ஒட்டி விடுதிகளும் மனைப்பிரிவுகளும் பெருகின. சமநிலத்தில் மனை வாங்க முடியாதவர்கள் மலைச்சரிவை ஒட்டிக் குடியேறினார்கள். 2024 டிசம்பர் 1 அன்று, ஃபெஞ்சல் புயல் மழையில், வ.உ.சி. நகரில் மண்ணும் பாறையும் சரிந்து வீட்டின் மேல் விழுந்ததில் ஏழு பேர் இறந்தனர். அவர்களில் ஐவர் குழந்தைகள். பன்னிரண்டு நாள் கழித்து கார்த்திகை தீபம். அவ்வாண்டு மலையேறப் பக்தர்களுக்கு அனுமதி மறுக்கப்பட்டது. விளக்கேற்றும் உரிமையுடைய பருவதராஜ குலத்தாரும் கொப்பரையையும் நெய்யையும் சுமப்பவர்களும் மட்டும் ஈரம் காயாத அந்த மலையில் ஏறினார்கள்.