தாத்தாவுக்கு இரண்டு நம்பர்!

கம்ப்யூட்டரில் குடும்ப மரம் போட உட்காரும் நம்மூர்க்காரர்கள் மூன்றாவது தலைமுறைக்குள்ளேயே முழிக்க ஆரம்பித்துவிடுவார்கள். தாத்தா தன் அக்கா மகளைக் கட்டியிருப்பார். அப்படியென்றால், அவருடைய அம்மாவுக்கு அவர் மகனும்தான், பேத்தி புருஷனும்தான். எந்தக் கட்டத்தில் போடுவது? ‘எதுக்கு வம்பு’ என்று தாத்தாவை இரண்டு ஆளாக டைப் அடித்துவிடுவார்கள்!

இந்தத் தலைவலி ஐரோப்பாவின் மாபெரும் ராஜ வம்சமான ஹாப்ஸ்பர்க் குடும்பத்திலும் உண்டு. நம்முடையதைவிடப் பெரிய தலைவலி.

ஸ்பெயின் மன்னர் நான்காம் ஃபிலிப், தன் மகன் பால்தசார் கார்லோஸுக்கு ஒரு பெண்ணை நிச்சயம் செய்திருந்தார். பெயர் மரியானா. பையனுக்கு அத்தை மகள். 1646-ல் பையன், பாவம், 16 வயதில் இறந்துபோனான். ராஜ்யத்துக்கு வாரிசு வேண்டுமே! 1649-ல் மன்னரே அவளைக் கல்யாணம் செய்துகொண்டார். அவருக்கு வயது 44. பெண்ணுக்கு 14! அவருக்கு அவள் தங்கை மகள். (நம்மூரில் அக்கா மகள் என்றால்தான் முறை, தங்கை மகள் பொதுவாக ஆகாது. அங்கே போப்பாண்டவரின் அனுமதி இருந்தால் போதும்!)

வெலாஸ்க்வெஸ் 1656-ல் வரைந்த ‘லாஸ் மெனினாஸ்’ ஓவியத்தின் நடுவில் நிற்கும் குட்டி இளவரசி, இந்தத் தம்பதியின் மகள் மார்கரீட்டா. அவளையும் 1666-ல் தாய்மாமன் லியோபோல்டுக்கே கட்டிவைத்தார்கள். 21 வயதில் இறந்துபோனாள்.

அவளுடைய தம்பிதான் 1661-ல் பிறந்த இரண்டாம் சார்லஸ். பேச்சு வர லேட், நடக்க லேட். இரண்டு கல்யாணம் செய்தும் குழந்தை இல்லை. 1700-ல், 39 வயது முடிவதற்குள் இறந்தார். அடுத்த மன்னர் யார் என்பதற்காக 1701 முதல் 1714 வரை ஐரோப்பாவே அடித்துக்கொண்டது.

இவருடைய குடும்ப மரத்தை எப்படிப் போடுவது? மூதாதையருக்கு நம்பர் கொடுக்கும் ஒரு முறை உண்டு. ஐட்ஸிங்கர் என்ற ஆஸ்திரியப் பிரபு 1590-ல் பயன்படுத்தியது. சார்லஸ் ஆண்ட காலத்திலேயே, 1676-ல், சோசா என்ற ஸ்பானியத் துறவியும் அதைக் கையாண்டார். நீங்கள் 1, அப்பா 2, அம்மா 3. யாருடைய நம்பரையும் இரண்டால் பெருக்கினால் அவருடைய அப்பா. அதோடு ஒன்று கூட்டினால் அம்மா. இன்றைய சாஃப்ட்வேர்களும் இதே கணக்கைப் போடுகின்றன.

சார்லஸுக்குப் போட்டுப் பாருங்கள். மூன்றாம் ஃபிலிப் அப்பாவைப் பெற்றவர், எனவே நம்பர் 4. அம்மாவின் அம்மாவைப் பெற்றவரும் அவரே, எனவே நம்பர் 14! அவருடைய மாமனார் இன்னும் மோசம். 10, 24, 30 என்று மூன்று இடத்தில் வந்து நிற்கிறார்.

கம்ப்யூட்டர் இதற்கெல்லாம் அசருவதில்லை. அமெரிக்காவின் மார்மன் சர்ச் 1984-ல் உருவாக்கிய ‘ஜெட்காம்’ முறையில் ஆளுக்கு ஒரு பதிவு, குடும்பத்துக்கு ஒரு பதிவு. கல்யாணம் என்பது அவற்றை இணைக்கும் முடிச்சு, அவ்வளவுதான். ஒரே ஆளுக்கு எத்தனை முடிச்சு வேண்டுமானாலும் போடலாம். படம் வரையும்போது மட்டும் தாத்தா இரண்டு கட்டத்தில் தெரிவார். அது பரவாயில்லை. ஆனால், புதிதாக டைப் அடிக்காமல், ஏற்கெனவே இருக்கும் தாத்தாவைத் தேர்ந்தெடுத்துத்தான் பாட்டியோடு சேர்க்க வேண்டும். இரண்டு பதிவு போட்டால், ‘இவர்கள் யாரோ, அவர்கள் யாரோ’ என்று கம்ப்யூட்டர் நம்பிவிடும். தாத்தாவும் பாட்டியும் மாமனும் மருமகளும் என்ற விஷயமே மறைந்துபோகும்.

ஸ்பெயின் ஆராய்ச்சியாளர்கள் 2009-ல் கண்டுபிடித்தது அந்த விஷயத்தைத்தான். 16 தலைமுறை, மூவாயிரத்துக்கும் மேற்பட்ட உறவினர்களை வைத்து, சார்லஸின் ரத்த உறவுக் குணகம் 0.254 என்று கணக்கிட்டார்கள். மாமன்-மருமகள் கல்யாணத்தில் பிறக்கும் குழந்தைக்கு அது 0.125. கூடப்பிறந்த அண்ணன்-தங்கைக்குக் குழந்தை பிறந்தால்தான் 0.25!

மரபியல் டாக்டர்கள் குடும்பப் படம் வரையும்போது, சொந்தத்தில் கட்டிய ஜோடியை இரட்டைக் கோடு போட்டு இணைப்பார்கள். சார்லஸின் பெற்றோர், தாத்தா-பாட்டி, கொள்ளுத்தாத்தா-கொள்ளுப்பாட்டி என்று எண்ணினால் கட்டங்களில் 7 ஜோடி. ஒரு ஜோடி இரண்டு முறை வருவதால் நிஜத்தில் 6. அந்த ஆறுக்குமே இரட்டைக் கோடுதான்.