‘சமூகக் காரணம்’: தருமபுரியின் இறப்புப் பதிவேடுகள்

கிராம சுகாதார செவிலியரின் பதிவேட்டில் வரிசை கர்ப்பிணியின் பெயரில் தொடங்கும். பிரசவ நாள், ஆணா பெண்ணா, எடை, தடுப்பூசி என்று நீளும். குழந்தை இறந்துவிட்டால் நாளும் காரணமும் ஏறும். 1990களில் ஆரம்ப சுகாதார நிலையங்களின் கணக்கில் அந்தக் காரணங்களுக்கு நடுவே ‘சமூகக் காரணம்’ என்று ஒன்று இருந்தது. பிறந்த பெண் குழந்தை கொல்லப்பட்டது என்பதற்கு அலுவலகம் வைத்திருந்த பெயர் அது. அதை எழுதிய செவிலியர் மறுநாளும் அதே தெருவில் வீடு வீடாகப் போக வேண்டியவர். அப்படியும் மறைக்காமல் எழுதிவைத்தவர்கள் இருந்ததால்தான் பின்னால் ஓர் ஆய்வு சாத்தியமாயிற்று.

பெண் சிசுக்கொலை பற்றிய பேச்சு அதற்கு முன்பே பரவியிருந்தது. 1986-இல் உசிலம்பட்டி வட்டாரத்தைப் பற்றி இந்தியா டுடே எழுதியது. பெற்றோர் வளர்க்க விரும்பாத பெண் குழந்தையை அரசிடம் ஒப்படைக்க வழிசெய்யும் தொட்டில் குழந்தைத் திட்டம் 1992-இல் சேலத்தில் வந்தது. 1994-இல் ‘கருத்தம்மா’ படம் பெண் சிசுவைக் கொல்லப் புகட்டும் கள்ளிப்பாலைத் திரையில் காட்டியது. ஆனாலும் இது எங்கோ ஒரு வட்டாரத்தில், ஏதோ ஒரு சாதியில் நடப்பது என்ற எண்ணமே பலரிடம் நிலைத்திருந்தது.

அந்த எண்ணத்தை உடைத்தது பதிவேடுதான். இ.ஆ.ப. அதிகாரி ஷீலா ராணி சுங்கத்தும் பொருளியல் அறிஞர் வெங்கடேஷ் ஆத்ரேயாவும் ஆரம்ப சுகாதார நிலையங்களின் 1995-ஆம் ஆண்டுக் கணக்கை நிலையம் நிலையமாகப் பிரித்துப் பார்த்தார்கள். 1997-இல் எகனாமிக் அண்ட் பொலிடிகல் வீக்லியில் அது கட்டுரையாக வெளிவந்தது. அவர்கள் கையாண்ட தர்க்கம் எளிமையானது. பிறந்த முதல் மாதத்தில் இயற்கையாகவே ஆண் குழந்தைகள்தான் சற்று அதிகம் இறக்கும். பெண் குழந்தைக்கு உடல்வாகிலேயே தாங்கும் வலு கூடுதல். ஓர் ஊரில் இது தலைகீழாக இருந்தால் நோயை மட்டும் காரணம் சொல்ல முடியாது. காரணத்தை மறைத்து எழுதிய இடத்திலும் இந்த எண்ணிக்கை உண்மையைச் சொல்லிவிடும். கணக்கை வரைபடத்தில் வைத்தபோது மதுரைப் பக்கத்திலிருந்து திண்டுக்கல், சேலம் வழியாகத் தருமபுரி வரை ஒரே தொடர்ச்சியாக ஒரு பட்டை தெரிந்தது. அதற்குள் பல சாதியினர் வாழ்ந்தார்கள். பழி ஒரே சமூகத்தின் தலையில் விழுந்திருந்தது எவ்வளவு பெரிய பிழை என்பது அப்போது புரிந்தது.

ஆய்வுகள் பெரும்பாலும் இதழில் அச்சாவதோடு நின்றுவிடும். இது தருமபுரி ஊர்களுக்கே திரும்பிவந்தது. அதுதான் இதன் பெருமை. எந்த நிலையத்தின் எல்லையில் சாவு அதிகம் என்று தெரிந்துவிட்டதால் எங்கே போக வேண்டும் என்பதும் தெரிந்திருந்தது. டென்மார்க் அரசின் வளர்ச்சி உதவி அமைப்பான டானிடாவின் துணையோடு 1990களின் பிற்பகுதியில் மாவட்டத்தில் தெருநாடகங்கள் நடத்தப்பட்டன. கொலையை மட்டும் கண்டித்துவிட்டுப் போகாமல், பெண் பிள்ளையைச் சுமையாக்கும் பாகுபாட்டையே ஊர் நடுவில் வைத்துப் பேசின. போலீஸ் வழக்குக்குப் பயந்து வாயடைக்கும் ஊர், நாடகத்தின் முன் உட்கார்ந்து கேட்டது. பலன் தெரிந்ததா என்பதை அளக்கவும் அதே பதிவேடுகள் உதவின; தருமபுரியில் பதிவான சிசுக்கொலைகள் குறைந்தன. 2000-இல் இதே இருவரும் அந்த அனுபவத்தையும் கட்டுரையாக்கினார்கள்.

2001-இல் தொட்டில் குழந்தைத் திட்டம் தருமபுரிக்கும் விரிந்தது. ஆனால் அதே ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு நிம்மதி தரவில்லை. ஆறு வயதுக்கு உட்பட்டவர்களில் ஆயிரம் ஆண்களுக்குத் தமிழ்நாட்டில் 942 பெண்கள் இருந்தபோது, தருமபுரியில் 900-க்கும் குறைவு. ஸ்கேன் வந்தபின் கருவிலேயே அழிக்க வழி இருந்தது; 1994-இல் இயற்றப்பட்டு 1996-இல் நடைமுறைக்கு வந்த சட்டம் கருவின் பாலினம் கண்டறிவதைத் தடைசெய்திருந்தும் அது நடந்தது. பிறக்காத குழந்தைக்கு இறப்புப் பதிவேட்டில் இடமில்லை. அதனால் கவனம் பிறப்புப் பதிவேட்டுக்கு நகர வேண்டியதாயிற்று: ஒவ்வொரு நிலையத்திலும் ஆண் எத்தனை, பெண் எத்தனை, முதல் பிரசவத்தில் எப்படி, இரண்டாவது மூன்றாவதில் எப்படி என்று. 2011 கணக்கெடுப்பில் தருமபுரியின் விகிதம் 900-ஐத் தாண்டியது. மாநில அளவான 943-ஐ அது எட்டவில்லை.