மீண்டெழுந்தவர் பேச்சும் அவரைத் தாங்கிய கைகளும்

பெங்களூரு காக்ஸ் டவுனுக்கு வடக்கே சிறிது தொலைவில், ஹென்னூர் சாலையை ஒட்டிய லிங்கராஜபுரத்தில், ‘அசோசியேஷன் ஆஃப் பீப்பிள் வித் டிஸெபிலிட்டி’ என்னும் நிறுவனம் இயங்குகிறது. போலியோவால் பாதிக்கப்பட்ட என். எஸ். ஹேமாவும் நண்பர்களும் 1959இல் இதைத் தொடங்கினர். பள்ளி, தொழிற்பயிற்சி, மறுவாழ்வுச் சேவைகள் என்று அது கிளைவிட்டது. ஜீவன் பீமா நகரில் தோட்டக்கலைப் பயிற்சி மையமும் உண்டு. ஹேமாவின் வாழ்க்கை இன்றைய ஊக்கவுரை மேடைகள் தேடித் திரியும் கதைதான். ஆயினும் அதன் எடையை அந்த வகுப்பறைகளில்தான் அறிய முடியும். மீண்டெழுந்தவர்களின் பேச்சை மதிப்பிட இங்கிருந்து தொடங்குவதே பொருத்தம் எனக் கருதுகிறேன்.

இந்நகரின் கல்லூரி விழாக்களிலும் மென்பொருள் நிறுவனக் கூட்டங்களிலும் இத்தகைய உரைகளுக்கு நிலைத்த இடம் கிடைத்துவிட்டது. பெரும்பாலானவை ஒரே தடத்தில் செல்கின்றன: விபத்து அல்லது நோய், இருண்ட சில ஆண்டுகள், மன உறுதி, வெற்றி. சொல்லப்படும் செய்திகள் உண்மையே. இருந்தும், சொல்லும் முறையில் சிலர் காணாமற் போகிறார்கள். கட்டிலருகே கண்விழித்த தாய், படுக்கைப்புண் ஆற்றிய செவிலியர், சொல்லச் சொல்லத் தேர்வெழுதித் தந்தவர், இடஒதுக்கீட்டுக்காகத் தெருவில் இறங்கியவர்கள். இவர்களைக் கதையிலிருந்து நீக்கிவிட்டால் மீட்சி ஒருவரது குணத்தின் விளைவாகத் தோன்றும். மீளாதவர் குணத்தில் குறைந்தவர் என்ற கொடிய முடிவுக்கும் அது வழிவிடும்.

எஸ். ராமகிருஷ்ணனின் வரலாறு இதற்கு நேர்மாறான சான்று. கோவையில் பொறியியல் நான்காம் ஆண்டு படித்துக்கொண்டிருந்த அவர், கடற்படை அதிகாரித் தேர்வுக்காகப் பெங்களூரு வந்தார். 1975 ஜனவரி 10 அன்று உடல்திறன் சோதனையின்போது விழுந்ததில் தண்டுவடம் பாதிக்கப்பட்டு, கழுத்துக்குக் கீழ் செயலிழந்தார். 1981இல் தென்காசியை அடுத்த சொந்த ஊரான ஆய்க்குடியில் மாற்றுத்திறனாளிகளுக்காக ஓர் அமைப்பைத் தோற்றுவித்தபோது, தமக்குச் சிகிச்சையளித்த ஏர் மார்ஷல் அமர்ஜித் சிங் சாஹலின் பெயரால் அதை அமர் சேவா சங்கம் என்று அழைத்தார். இந்தச் செயலை நான் மிக முக்கியமாகக் கருதுகிறேன். மருத்துவருக்குப் பட்ட கடன் அமைப்பின் பெயரிலேயே பதிந்துவிட்டது. அதன் கதையை யார் சொன்னாலும் அவரை விட்டுவிட்டுச் சொல்ல முடியாது. 1992இல், தசைச்சிதைவு நோயுடைய பட்டயக் கணக்காளர் எஸ். சங்கரராமன் உடன் வந்து சேர்ந்து நிர்வாகத்தைத் தோளில் ஏற்றார். 2020இல் ராமகிருஷ்ணனுக்குப் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டபோது, சங்கம் ஏறத்தாழ நாற்பதாண்டு உழைப்பைக் கடந்திருந்தது. தலைமை என்பதற்கு நான் கொள்ளும் பொருள் இத்தகைய பங்கீடு.

ஆஸ்திரேலியப் பத்திரிகையாளர் ஸ்டெல்லா யங், சக்கர நாற்காலியில் வாழ்ந்தவர், 2014இல் சிட்னி மேடையொன்றில் ஒற்றைத்தட ஊக்கக்கதைகளைக் கடுமையாகவே எதிர்த்தார். உடல்குறையுடையோரைப் பிறரது ஊக்கத்துக்கான காட்சிப்பொருளாக்குவது இழிவு என்பது அவர் நிலைப்பாடு. அதே மேடை வடிவத்தை உள்ளிருந்தே மாற்ற முயன்றவராகக் கும்பகோணத்தில் பிறந்த மாளவிகா ஐயரைச் சொல்லலாம். 2002இல், 13 வயதில், பிக்கானேரில் வெடிகுண்டு வெடித்து இரு கைகளையும் இழந்தார். எழுதுபவர் துணையோடு பத்தாம் வகுப்புத் தேர்வில் சிறந்தார். 2013 முதல் ஊக்கவுரைகள் ஆற்றிவரும் அவர், சென்னை மெட்ராஸ் ஸ்கூல் ஆஃப் சோஷியல் ஒர்க்கில் முனைவர் பட்டத்துக்கு எடுத்துக்கொண்ட பொருள், உடல்குறையுடையோர்பால் இளைஞர்கள் கொண்டுள்ள மனப்போக்கு. மேடையில் தம்மை நோக்கித் திரும்பியிருந்த பார்வையை ஆய்வில் பார்வையாளரை நோக்கித் திருப்பிவிட்டார்.

அப்படியானால் இக்கதைகளே வேண்டாமா? வேண்டும், யாருக்குச் சொல்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. நேற்று தண்டுவடம் முறிந்தவருக்கு, இருபதாண்டாக அதோடு வாழ்பவரின் பேச்சு உயிர்காக்கும் அறிவு. சிறுநீர்க்குழாயைத் தூய்மையாக வைப்பது எப்படி, புண் வராமல் புரண்டு படுப்பது எப்படி, வேலைக்குத் திரும்புவது எப்படி என்பதெல்லாம் அதில் அடங்கும். ஆரோக்கியமானவர் நிறைந்த அரங்கிலோ அதே கதை ஒரு மாலைநேர நெகிழ்ச்சியாகக் கரைந்துபோகலாம். கரையாமல் காப்பது பேசுபவர் சேர்க்கும் விவரம். தமிழ்நாட்டின் 19 வயதுக்குட்பட்ட பெண்கள் கிரிக்கெட் அணித்தலைவியாக இருந்து, 1998இல் புதுச்சேரிக் கடலில் நேர்ந்த விபத்தில் கழுத்துக்குக் கீழ் இயக்கமிழந்தவர் ப்ரீத்தி ஸ்ரீனிவாசன். திருவண்ணாமலையில் ‘சோல்ஃப்ரீ’ அறக்கட்டளையை நடத்திவருகிறார். தொலைநிலைக் கல்வியில் சேர முயன்றபோது, கட்டடத்தில் சாய்தளமும் மின்தூக்கியும் இல்லையென்று தம்மைத் தடுத்ததைப் பொதுமேடைகளில் சொல்லியிருக்கிறார். அங்கே கேட்பவரின் கவனம் அவர் துணிவிலிருந்து அந்தக் கட்டடத்துக்கு நகர்கிறது. இந்த நகர்வுதான் நல்ல ஊக்கவுரையின் இலக்கணம் என்பேன்.

கட்டடத்தைப் பற்றிச் சட்டம் ஏற்கெனவே பேசிவிட்டது. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 45ஆம் பிரிவு, விதிகள் அறிவிக்கப்பட்ட ஐந்தாண்டுக்குள் பொதுக்கட்டடங்கள் அனைத்தும் அணுகத்தக்கவையாக மாற வேண்டும் என்கிறது. விதிகள் 2017 ஜூனில் வந்தன. கெடு 2022 ஜூனில் முடிந்தது. 2024 நவம்பரில் ராஜீவ் ரதூரி வழக்கில் உச்ச நீதிமன்றம், அணுகல் தரங்களை வெறும் பரிந்துரையாக விட்டுவைத்த 15ஆம் விதி சட்டத்துக்கு முரணானது எனத் தீர்ப்பளித்து, கட்டாயத் தரங்களை வகுக்குமாறு ஒன்றிய அரசுக்கு ஆணையிட்டது. மீண்டெழுந்த ஒருவரைப் பேச அழைக்கும் கல்லூரியும் நிறுவனமும் அழைப்பிதழ் அச்சிடுமுன், தம் மேடைக்குச் சாய்தளம் இருக்கிறதா, தம் பணியாளர் பட்டியலில் அவரைப்போன்ற எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று பார்க்கட்டும்.