ஒளிப்படக் கருவியும் உழைப்போர் வாழ்வும்

செம்பவாங் என்றதும் கடற்படைத் தளமே நினைவுக்கு வரும். 1938-இல் திறக்கப்பட்ட ஆறாம் ஜார்ஜ் மன்னர் உலர்துறை, தமிழர், மலையாளிகள் எனப் பலருக்குச் சோறிட்டது. ஆங்கிலேயர் வெளியேற முடிவு செய்ததும், 1968-இல் அக்கப்பல்துறை சிங்கப்பூர் அரசின் கைக்கு வந்தது. ஆயினும், தளங்களை நம்பி வாழ்ந்தோர் அனைவர்க்கும் அஃதொன்றே போதுமா? புதிய தொழில்கள் வேண்டப்பட்டன.

அந்நாளில் வந்தவற்றுள் ஒன்று, ஜெர்மனியில் 1920-இல் தோன்றிய ரோலை நிறுவனம். ஒளிப்படக் கருவி உலகில் ஜெர்மனியின் புகழை ஜப்பானின் நிக்கானும் கேனனும் வீழ்த்தத் தொடங்கிய காலம் அது. 1959-இல் வெளிவந்த நிக்கான் எஃப் செய்திப் படக்காரர்களிடையே நிலைபெற்றது. தாய்நாட்டில் கூலி உயர்ந்தமையால், ரோலை 1970களின் தொடக்கத்தில் சிங்கப்பூரில் ஆலை அமைத்தது. சட்டைப்பையில் அடங்கும் ரோலை 35 இங்கு உருவாகி உலகெங்கும் சென்றது. எனினும் போட்டியில் தளர்ந்து, 1981-இல் நிறுவனம் நொடித்தது, ஆலையும் மூடப்பட்டது.

கருவி வாங்குவோர் படத்தின் தெளிவையும் விலையையுமே எண்ணுவர். அவர்தம் தேர்வுகள் திரளும்போது, தொலைவிலுள்ள ஆலையொன்றின் கதவு அடைபடுகிறது. ஆயினும், 1973-இல் அரசும் ரோலையும் இணைந்து தொடங்கிய பயிற்சி நிலையத்தில் இளைஞர் கற்ற நுண்தொழில் அவர்களை விட்டு நீங்கவில்லை. ஆலை அழியினும் கற்ற கல்வி அழியாது என்பதை மாணவர் மனங்கொள்வாராக.