அட்டை சொல்லத் தறி நெய்தது

கணிப்பொறித் தொழிலில் இன்று ஒரு முறை பரவி வருகின்றது. திரையில் எது எங்கே அமைய வேண்டும் என்பதை ஒழுங்குபட வரைந்து ஒரு கோப்பாக வைப்பர். பன்முறை பயன்படும் வார்ப்புருக்களும் ஆயத்தமாக இருக்கும். இரண்டையும் பொருத்தி, நிரல் வரிகளைப் பொறியே எழுதிவிடும். இது நேற்று முளைத்தது என்று எண்ணுவோர், மேட்டுப்பாளையத்தை அடுத்த சிறுமுகைக்கு ஒருமுறை சென்று வரலாம்.

அவ்வூர்க் கைத்தறிகளின் தலைமேல் ஜக்கார்டு என்னும் பெட்டி அமர்ந்திருக்கும். சேலையின் மயிலோ மாங்காயோ முதலில் கட்டத்தாளில் வரையப்படும். ஊடை இழை ஓடும் ஒவ்வொரு வரிசைக்கும் ஓர் அட்டை. நானூறு வரிசையாயின் நானூறு அட்டைகள். துளையுள்ள இடத்தில் ஊசி நுழையும். அதனோடு இணைந்த கொக்கி தன் பாவிழையை உயர்த்தும். துளையில்லாத இடத்தில் ஊசி பின்தள்ளப்படும். இழை தாழவே கிடக்கும். ஒருமுறை துளைத்த அட்டைக்கோவை, நூலின் நிறத்தை மாற்றி எத்தனையோ சேலைகளுக்கு உதவும். வார்ப்புரு என்பது வேறென்ன?

பிரான்சு நாட்டு லியோன் நகரத்தில் 1804-இல் இதனை அமைத்தவர் ஜோசப் மாரி ஜக்கார்டு. புகழ் அவருக்கே சென்றது. ஆயினும் துளைத்தாளால் இழை தேரும் உபாயத்தை 1725-இலேயே பாசில் பூஷோன் கண்டிருந்தார் என்பதை நாம் மறத்தல் தகாது. ஜக்கார்டின் உருவத்தையே பட்டில் நெய்தபோது ஏறத்தாழ 24,000 அட்டைகள் வேண்டியிருந்தன. அப்படம் ஒன்றை வைத்திருந்த இங்கிலாந்தின் சார்லஸ் பாபேஜ், தாம் திட்டமிட்ட கணக்குப் பொறிக்கும் அட்டைகளையே தேர்ந்தார். அப்பொறியைப் பற்றி 1843-இல் விரிவான குறிப்புகள் எழுதிய அடா லவ்லேஸ் அம்மையார், தறி பூவையும் இலையையும் நெய்வதுபோல இது இயற்கணிதத்தை நெய்யும் என்று கருதினார். அமெரிக்காவின் 1890-ஆம் ஆண்டு மக்கட்கணக்கை ஹெர்மன் ஹாலரித் துளையட்டைகளாலேயே எண்ணினார். கணிப்பொறிக்கு நெசவாளர் தூரத்து உறவினர் அல்லர்.

ஆனால் இம்முறைக்கு ஒரு கொடுமையும் உண்டு. கைதவறிய நெசவு ஒரு சேலையோடு போகும். தவறிய துளையோ ஒவ்வொரு மயிலின் கழுத்தையும் கோணலாக்கும். மாணவர்களோடு நான் சென்றிருந்த ஒரு தறிக்கூடத்தில் அத்தகைய குறை தென்பட்டது. நெசவாளர் துணியைத் தொடவில்லை. அட்டைகளை ஒவ்வொன்றாகப் புரட்டி, பிழையுள்ளதை எடுத்துக் கட்டத்தாளோடு ஒப்பிட்டு, வேறு துளைத்துக் கோத்தார். பொறி எழுதிய நிரலைக் கையால் திருத்துவோரைப் பற்றி என் பழைய மாணவர் ஒருவர் சொன்னார்: “ஐயா, மறுமுறை பொறி எழுதும்போது எங்கள் திருத்தம் அழிந்துவிடும், பழைய பிழை அப்படியே வந்து நிற்கும்.”

இப்போது மின்னணு ஜக்கார்டுகள் வந்துள்ளன. அவற்றில் அட்டையே இல்லை. கணிப்பொறியில் வரைந்த கோப்பு நேரே கொக்கிகளை ஆள்கின்றது. அட்டை துளைத்த கைகளுக்கு அங்கே வேலை இல்லை.